தகட்டில் வில்லிஸ், சேசிஸில் ஃபோர்டு: பழைய ராணுவ ஜீப்பைச் செய்தது யார், எந்த ஆண்டில்?

கேள்வி இது: "இரண்டாம் உலகப் போர்க்கால ஜீப் ஒன்று வாங்கியிருக்கிறேன். டாஷ்போர்டில் உள்ள தகட்டில் வில்லிஸ் என்றும் 1943 என்றும் இருக்கிறது. ஆனால் ரேடியேட்டருக்குக் கீழே குறுக்காகப் போகும் சட்டம் பெட்டி வடிவில் இருக்கிறது. வில்லிஸ் என்றால் அது உருண்டைக் குழாயாக இருக்கும் என்கிறார் பார்த்த நண்பர். எஞ்சினில் எம்.பி. என்று தொடங்கும் எண் இருக்கிறது. பல போல்ட் தலைகளில் எஃப் என்ற எழுத்து இருக்கிறது. இதைச் செய்தது யார், எந்த ஆண்டு?"

உங்கள் நண்பர் சொன்னது சரி. நீங்கள் விவரித்தபடி பார்த்தால் வண்டியின் சேசிஸ், அதாவது எல்லாவற்றையும் தாங்கும் அடிச்சட்டம், ஃபோர்டு செய்தது. எஞ்சின் வில்லிஸ். தகடு இந்தச் சேசிஸோடு பிறந்தது அல்ல, பெரும்பாலும் வேறொரு வண்டியிலிருந்து பாடியோடு சேர்ந்து வந்திருக்கும். ஆண்டு 1943 என்பதை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். அது தகட்டின் ஆண்டு. உங்கள் வண்டியின் ஆண்டைச் சேசிஸில் பஞ்ச் செய்த எண்ணைப் படித்த பிறகுதான் சொல்ல முடியும்.

ஏன் இத்தனை உறுதியாகச் சேசிஸையே பிடித்துக்கொள்கிறேன் என்றால், இந்த வண்டியில் கழற்றி மாட்ட முடியாத பெரிய பாகம் அது ஒன்றுதான். பாடி, பானெட், கிரில், எஞ்சின், கியர்பாக்ஸ், ஆக்சில், சக்கரம் எல்லாமே போல்ட்டில் நிற்பவை. ஸ்பேனர் செட் ஒன்று இருந்தால் ஒரு வாரத்தில் எல்லாவற்றையும் வேறு வண்டிக்கு மாற்றிவிடலாம். மாற்றினார்கள் என்பதுதான் இந்த வண்டியின் வரலாறே.

அந்த வரலாற்றைக் கொஞ்சம் சொல்லாமல் அடையாளங்கள் புரியாது. அமெரிக்க ராணுவம் 1940இல் கால் டன் எடை சுமக்கும், நான்கு சக்கரமும் இழுக்கும் சிறிய உளவு வண்டி ஒன்று வேண்டும் என்று கேட்டது. பென்சில்வேனியாவின் பட்லர் என்ற ஊரில் இருந்த அமெரிக்கன் பாண்டம் என்ற சிறிய நிறுவனம் முதல் மாதிரியைச் செய்து 1940 செப்டம்பர் 23 அன்று ராணுவத்தின் ஹோலபேர்டு முகாமில் ஒப்படைத்தது. பிறகு ஒஹாயோ மாநிலம் டொலிடோவின் வில்லிஸ்-ஓவர்லேண்டும், ஃபோர்டும் தங்கள் மாதிரிகளைக் கொண்டுவந்தன. மூன்றும் வேறு வேறு வண்டிகள். 1941 ஜூலையில் வில்லிஸுக்குப் பெரிய ஒப்பந்தம் கிடைத்தது. முக்கியக் காரணம் அதன் எஞ்சின். 2.2 லிட்டர், நான்கு சிலிண்டர், 60 குதிரைத்திறன், 'கோ டெவில்' என்ற பெயர். போட்டியாளர்கள் இருவருடைய எஞ்சினையும்விட அது பலசாலி.

ஒரே ஒரு தொழிற்சாலையை நம்பி இருக்க ராணுவத்துக்கு மனமில்லை. அது குண்டுவீச்சிலோ நாசவேலையிலோ நின்றுபோனால் என்ன செய்வது? அதனால் 1941 நவம்பரில் ஃபோர்டிடமும் ஒப்பந்தம் போட்டார்கள். ஒரு கண்டிப்பான நிபந்தனை: வில்லிஸின் வரைபடத்தை வைத்தே செய்ய வேண்டும், ஒன்றின் பாகம் மற்றதில் அப்படியே பொருந்த வேண்டும். வில்லிஸ் செய்தது எம்.பி. ஃபோர்டு செய்தது ஜி.பி.டபிள்யூ. இதில் ஜி என்பது அரசாங்க வண்டி, பி என்பது 80 அங்குலச் சக்கர இடைவெளி, டபிள்யூ என்பது வில்லிஸ் வடிவ எஞ்சின். இரண்டும் சேர்ந்து சுமார் 6 லட்சத்து 40 ஆயிரம் வண்டிகள். அதில் ஃபோர்டின் பங்கு ஏறத்தாழ 2 லட்சத்து 78 ஆயிரம்.

இப்போது களத்தை நினைத்துப் பாருங்கள். கன்னிவெடியில் முன்பக்கம் சிதைந்த வண்டி ஒன்று, பின்பக்கம் நொறுங்கிய வண்டி ஒன்று. பட்டறைக்காரர்கள் இரண்டையும் சேர்த்து ஒன்றை ஓடவைத்தார்கள். எஞ்சின் பழுதா? அலமாரியில் எது இருந்ததோ அது ஏறியது. போர் முடிந்த பிறகும் இது நிற்கவில்லை. பாரிஸ் அருகே லா மால்தூர்னே என்ற இடத்தில் இருந்த பிரெஞ்சு ராணுவப் பட்டறையில் ஜீப்புகளை முழுக்கப் பிரித்து, பாகங்களை வகைவாரியாகக் குவித்து, குவியலிலிருந்து எடுத்து மறுபடி பூட்டினார்கள். உள்ளே போன வண்டியும் வெளியே வந்த வண்டியும் ஒன்றல்ல. எஃப் போட்ட போல்ட்டும் வில்லிஸ் எஞ்சினும் ஒரே வண்டியில் இருப்பது கோளாறு அல்ல. வடிவமைத்தவர்கள் விரும்பியதே அதுதான்.

ஆகவே "யார் செய்தது" என்று கேட்டால், சேசிஸை யார் செய்தார்கள் என்று பொருள் கொள்ளுங்கள். "எந்த ஆண்டு" என்றால், அந்தச் சேசிஸ் வண்டியாகி ராணுவத்திடம் ஒப்படைக்கப்பட்ட ஆண்டு. மற்ற பாகங்கள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஆண்டு உண்டு.

சேசிஸுக்கு வருவோம். வண்டியின் முன்னால் குத்துக்காலிட்டு, கிரில்லுக்குக் கீழே பாருங்கள். இரண்டு நீளச் சட்டங்களையும் இணைத்துக்கொண்டு ஒரு குறுக்குச் சட்டம் போகும். எம்.பி.யில் அது உருண்டைக் குழாய். ஜி.பி.டபிள்யூவில் தகட்டை மடித்து, கவிழ்த்துப் போட்ட யு வடிவில் செய்தது. முன்னாலிருந்து பார்க்கப் பெட்டி மாதிரி தெரியும். இருட்டில் விரலால் தடவினாலே வித்தியாசம் சொல்லிவிடலாம். வண்டி வாங்கப் போகிறவர் வேறெதையும் தெரிந்துகொள்ளாவிட்டாலும் இது ஒன்றைத் தெரிந்துகொண்டு போகலாம்.

ஒரு எச்சரிக்கை. முட்டி மோதிய வண்டிகளில் முன்பாதியையே வெட்டி வேறு சேசிஸின் முன்பாதியை ஒட்டியிருப்பார்கள். எனவே குறுக்குச் சட்டம் நீளச் சட்டத்தோடு சேரும் இடத்தைச் சுரண்டிப் பாருங்கள். தொழிற்சாலையில் போட்ட ரிவெட் வட்டமாக, ஒரே அளவில், வரிசையாக இருக்கும். பிற்காலத்தில் மின்பற்ற வைத்த இடத்தில் வெல்டிங் மேடும், சுற்றிலும் கிரைண்டர் ஓடிய கீறலும் இருக்கும். நீளச் சட்டத்தின் வழியே எஞ்சின் தாங்கியைத் தாண்டிப் பின்பக்கம் வரை ஒட்டு ஏதாவது தெரிகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். ஒட்டு இல்லை, ரிவெட் சரியாக இருக்கிறது என்றால் சேசிஸ் ஃபோர்டு என்பதில் சந்தேகம் வேண்டாம்.

அடுத்து எண். இரண்டு நிறுவனங்களும் எண்ணை வைத்த இடம் வேறு. வில்லிஸ் ஒரு சிறிய தகட்டில் எண்ணைப் பஞ்ச் செய்து, இடது நீளச் சட்டத்தின் உட்பக்கத்தில், முன் பம்பருக்குச் சற்றுப் பின்னால் ரிவெட் அடித்தது. தகடு போய்விட்டால் எண்ணும் போய்விடும். ரிவெட் துளைகள் மட்டும் மிஞ்சும். ஃபோர்டு அப்படிச் செய்யவில்லை. சேசிஸ் இரும்பிலேயே, இடது நீளச் சட்டத்தின் மேல்முகத்தில், எஞ்சின் முன் தாங்கிக்குப் பக்கத்தில் ஜி.பி.டபிள்யூ என்ற எழுத்துகளோடு எண்ணை நேரடியாகப் பஞ்ச் செய்தது. உங்கள் வண்டிக்கு நல்ல செய்தி இதுதான். துரு முழுதாக அரித்திருந்தாலோ யாராவது தேய்த்திருந்தாலோ தவிர, எண் இன்னும் அங்கேயே இருக்க வேண்டும்.

அதைப் படிப்பதில் அவசரம் கூடாது. இந்த இடத்தில்தான் நல்ல வண்டிகளின் அடையாளம் நிரந்தரமாக அழிகிறது. 80 ஆண்டுப் பெயிண்ட், கிரீஸ், மண் எல்லாம் சேர்ந்து அங்கே தடித்த ஒரு மேலோடு இருக்கும். கிரைண்டரும் சாண்ட் பிளாஸ்டிங்கும் அந்த இடத்துக்குப் பக்கத்திலேயே வரக்கூடாது. பஞ்ச் செய்த ஆழம் மிகக் குறைவு. ஒரு முறை சக்கரம் ஓடினால் எண் போய்விடும். முதலில் மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் கிரீஸை எடுங்கள். பிறகு பெயிண்ட் நீக்கும் திரவத்தைத் தடவி, ஊறவிட்டு, மரக்குச்சியால் தள்ளுங்கள். துரு இருந்தால் துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஒரு நாள் விடுங்கள். கடைசியில் பித்தளைக் கம்பி பிரஷ், அதுவும் மெதுவாக.

இரும்பு தெரிந்த பிறகு நேர் மேலிருந்து வெளிச்சம் அடித்தால் ஒன்றும் தெரியாது. டார்ச்சைச் சட்டத்தின் மேல் படுக்கவைத்து, பக்கவாட்டில் ஒளி வழுக்கிப் போகிற மாதிரி பிடியுங்கள். பள்ளத்தில் நிழல் விழும், எண் எழுந்து நிற்கும். டார்ச்சை நாலு திசையிலும் மாற்றி மாற்றிப் படம் எடுங்கள். ஒரு படத்தில் 3 மாதிரி தெரிவது இன்னொன்றில் 8 என்று புரியும். வெள்ளைச் சாக்பீஸைப் படுக்கவைத்துத் தேய்த்தாலும் பள்ளம் மட்டும் கறுப்பாக நிற்கும். படித்து முடித்ததும் மெல்லிய எண்ணெய் தடவி மூடுங்கள். எண் தெளிவாக இல்லை என்று அதன் மேலேயே மறுபடி பஞ்ச் செய்யும் ஆசை சிலருக்கு வரும். தயவுசெய்து செய்யாதீர்கள். அரைகுறையாகத் தெரியும் அசல் எண்ணுக்கு இருக்கும் மதிப்பு, பளிச்சென்று புதிதாகக் குத்திய எண்ணுக்கு ஒருநாளும் வராது. சட்டப்படியும் அது பெரிய வம்பு.

எண் கிடைத்தால் ஆண்டு எப்படி வரும்? வில்லிஸ் கணக்கு எளிது. எம்.பி. எண்கள் 1,00,001இல் தொடங்கின. 1941 முடிவில் ஏறத்தாழ 1,08,000, 1942 முடிவில் 2,00,000, 1943 முடிவில் 2,93,000, 1944 முடிவில் 4,02,000 என்று போய், 1945இல் 4,60,000க்குச் சற்று முன்னால் நின்றன. ஃபோர்டு 1942 தொடக்கத்தில் 1இலிருந்து ஆரம்பித்தது. ஆனால் எண் வரிசையும் நாள் வரிசையும் அங்கே அவ்வளவு கறாராக ஒத்துப்போகாது. டியர்போர்ன், லூயிவில், டல்லஸ், செஸ்டர், எட்ஜ்வாட்டர், கலிஃபோர்னியாவின் ரிச்மண்ட் என்று பல இடங்களில் ஃபோர்டு இந்த வண்டியைப் பூட்டியது. எஞ்சின்கள் ஓரிடத்திலிருந்து இந்தத் தொழிற்சாலைகளுக்கெல்லாம் போயின. அடுத்தடுத்த இரண்டு எண்கள் வேறு வேறு ஊர்களில், வெவ்வேறு வாரங்களில் வண்டியாகியிருக்கலாம். ஆர்வலர்கள் தப்பிப் பிழைத்த அசல் தகடுகளிலிருந்து எண்ணையும் ஒப்படைத்த தேதியையும் சேகரித்துப் பட்டியல் வைத்திருக்கிறார்கள். அதில் உங்கள் எண்ணுக்கு முன்னும் பின்னும் உள்ள வண்டிகளைப் பார்த்தால் மாதக் கணக்கில் நெருங்கிவிடலாம். நாள் கணக்கில் சொல்கிறேன் என்று யாராவது வந்தால், அசல் தகடு கையில் இல்லாமல் எப்படிச் சொல்கிறார் என்று கேளுங்கள்.

தகட்டைப் பற்றி இப்போது பேசலாம். டாஷ்போர்டின் வலப்பக்கத்தில், சாமான் பெட்டியின் மூடியில் பொதுவாக மூன்று தகடுகள் இருக்கும். ஒன்றில் செய்தவர் பெயர், மாதிரி, வண்டி எண், எடை, ஒப்படைத்த தேதி. மற்றவற்றில் கியர் போடும் முறை, வேக வரம்பு, எச்சரிக்கைகள். முதல் தகடு அசலாக இருந்து, அதில் உள்ள எண்ணும் சேசிஸ் எண்ணும் ஒன்றாக இருந்தால் அதைவிடப் பெரிய சான்று கிடையாது. இரண்டும் ஒன்றாக இல்லாவிட்டால் தகடு வண்டியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை என்றுதான் அர்த்தம்.

தகடு எங்கே இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். அது சாமான் பெட்டி மூடியில் இருக்கிறது. மூடி பாடியில் இருக்கிறது. பாடி போல்ட்டில் நிற்கிறது. துருப்பிடித்த பாடியைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு வண்டியின் பாடியை ஏற்றினால், அந்த வண்டியின் தகடும் கூடவே வந்துவிடும். யாரும் ஏமாற்ற நினைக்கவில்லை. உங்கள் வண்டியில் நடந்தது இதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். 1943இல் ஒப்படைக்கப்பட்ட ஏதோ ஒரு எம்.பி.யின் பாடி உங்கள் ஃபோர்டு சேசிஸ் மேல் உட்கார்ந்திருக்கிறது.

இன்னொரு சாத்தியம், தகடே புதிது. எழுத்தில்லாத நகல் தகடுகள் தாராளமாக விற்பனையாகின்றன. வேண்டிய எண்ணையும் தேதியையும் பஞ்ச் செய்து மாட்டலாம். வண்டியைப் புதுப்பிப்பவர்கள் அழகுக்காக நல்லெண்ணத்தோடு மாட்டுவார்கள், இரண்டு மூன்று கை மாறியதும் அது அசல் என்றே ஆகிவிடும். தகட்டைக் கழற்றிப் பின்பக்கம் பாருங்கள். பல ஆண்டு ஒட்டியிருந்த தகட்டின் பின்னால் பெயிண்ட் படிவும் அரிப்பும் இருக்கும். அதை எடுத்த இடத்தில் மூடியில் அதே அளவுக்குப் பழைய பெயிண்ட் தெரியும். திருகுத் துளைகள் ஒரே ஒரு செட் மட்டும் இருக்கிறதா என்றும் பாருங்கள். ராணுவப் பட்டறை மறுசீரமைப்புச் செய்த வண்டிகளில் அந்தப் பட்டறையின் பெயரும் தேதியும் போட்ட தனித் தகடு இருக்கலாம். அந்தத் தேதி வண்டி பிறந்த தேதி அல்ல என்றாலும் அதையும் பத்திரப்படுத்துங்கள்.

ஆர்.சி. முதலான பதிவுக் காகிதங்களில் இருக்கும் ஆண்டையும் இதே கண்ணோடுதான் பார்க்க வேண்டும். ராணுவம் கழித்த வண்டி ஏலத்தில் போய், முதன்முதலாகப் பொதுப் பதிவு வாங்கிய ஆண்டே தயாரிப்பு ஆண்டாக எழுதப்பட்டிருப்பது மிகச் சாதாரணம்.

எஞ்சின் எண் வலப்பக்கம் முன்னால், எண்ணெய் வடிகட்டிக்குக் கீழே உள்ள சிறிய தட்டையான மேட்டில் இருக்கும். எம்.பி. என்று தொடங்கினால் வில்லிஸ், ஜி.பி.டபிள்யூ என்றால் ஃபோர்டு. வில்லிஸ் வண்டிகளில் எஞ்சின் எண்ணும் சேசிஸ் எண்ணும் தொழிற்சாலையிலேயே வேறு வேறாக இருந்தவை. அவை ஒத்துப்போகவில்லை என்று ஒரு எம்.பி.யைக் குறை சொல்லக்கூடாது. ஃபோர்டில் இரண்டும் ஒரே எண்ணாகப் பிறந்தவை. உங்கள் சேசிஸ் ஃபோர்டு, எஞ்சின் எம்.பி. என்பதால் எஞ்சின் மாற்றப்பட்டது உறுதி. இதில் வருத்தப்பட எதுவும் இல்லை. போரில் ஓடிய ஜீப் ஒன்று தன் முதல் எஞ்சினோடு இன்றும் இருந்தால்தான் ஆச்சரியம்.

பிறகு அந்த எஃப் எழுத்து. ஃபோர்டு தன் பாகங்களில் எல்லாம் தன் பெயரின் முதலெழுத்தை அதே பழைய சாய்வெழுத்துப் பாணியில் போட்டது. போல்ட் தலை, பெடல், கொக்கி, தாங்கி, கைப்பிடி என்று எங்கும் இருக்கும். வார்ப்புப் பாகங்களில் ஜி.பி.டபிள்யூ என்று தொடங்கும் பாக எண்ணும் இருக்கும். நிறையப் பேர் இந்த எழுத்தைப் பார்த்ததும் முடிவு கட்டிவிடுகிறார்கள். ஒன்றிரண்டு போல்ட்டுகளை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது. உதிரிபாகக் கிடங்கில் எல்லாம் கலந்தே கிடந்தன. எஃப் போட்ட புதிய போல்ட்டுகளும் இன்று செட் செட்டாக விற்கின்றன. எழுத்து எங்கே இருக்கிறது என்பதுதான் முக்கியம். யாரும் சும்மா கழற்றாத இடங்களில், சேசிஸோடு ஒட்டிய தாங்கிகளில், பழைய துருவோடும் பெயிண்டோடும் எஃப் இருந்தால் அது பேசும் சாட்சி. பளபளவென்று பானெட்டில் வரிசையாக இருந்தால், புதுப்பித்தவர் அக்கறையானவர் என்று மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

பாடி எந்தக் காலத்தது என்று கண்டுபிடிக்கச் சில தெளிவான குறிகள் உண்டு. 1941 இறுதியிலிருந்து 1942 முதல் மாதங்கள் வரை வந்த சுமார் 25,800 எம்.பி.களின் கிரில், தட்டையான இரும்புப் பட்டைகளை வரிசையாக வெல்டிங் செய்தது. பிறகுதான் ஒரே தகட்டில் அச்சடித்து எடுத்த, ஒன்பது துளைகள் உள்ள கிரில் வந்தது. இன்று ஜீப்பின் முகம் என்று உலகம் அறிந்திருப்பது ஃபோர்டு வடிவமைத்த இந்த அச்சுக் கிரில்தான். விலை குறைவு, எடை குறைவு என்பதால் வில்லிஸும் அதையே எடுத்துக்கொண்டது. பட்டைக் கிரில் வண்டிகளுக்கு இன்று விலை அதிகம். அதனாலேயே பின்னாள் வண்டியில் பட்டைக் கிரில் மாட்டி விற்பதும் நடக்கிறது. அசல் பட்டைக் கிரில் வண்டிக்கு அந்தக் காலத்துக்குரிய மற்ற அடையாளங்களும் இருக்க வேண்டும். தொடக்கத்தில் வந்தவற்றில் டாஷ்போர்டில் சாமான் பெட்டியே கிடையாது. சக்கரங்களும் நடுவில் போல்ட் போட்டுப் பிரிக்கக்கூடிய இரண்டு துண்டுச் சக்கரங்கள் அல்ல, சாதாரண ஒற்றைத் தட்டுச் சக்கரங்கள்.

பின்பக்கம் போய், இடதுபுறத் தகட்டைத் தடவிப் பாருங்கள். ஆரம்ப கால வண்டிகளில் அந்த இடத்தில் வில்லிஸ் அல்லது ஃபோர்டு என்ற பெயர் புடைப்பாக அச்சடித்திருக்கும். அரசாங்க வண்டியில் நிறுவன விளம்பரம் எதற்கு என்று 1942 நடுவாக்கில் நிறுத்திவிட்டார்கள். பெயர் இருந்தால் பாடி 1942 அல்லது அதற்கும் முந்தையது. இல்லாவிட்டால் பிந்தையது, அல்லது பின் தகடு மாற்றப்பட்டது. 1944 தொடக்கம் முதல் இரண்டு நிறுவனங்களுக்கும் இண்டியானாவின் கானர்ஸ்வில்லில் இருந்த அமெரிக்கன் சென்ட்ரல் என்ற ஒரே நிறுவனமே பாடி செய்து கொடுத்தது. அந்தப் பாடியில் இரு பக்கத்து வடிவமைப்பும் கலந்திருக்கும். எனவே 1944, 1945 வண்டிகளைப் பாடியை வைத்து இது வில்லிஸ், இது ஃபோர்டு என்று பிரிக்க முயல்வது வீண். இதற்கு மேல், இன்று பிலிப்பைன்ஸில் முழு பாடியையே புதிதாகச் செய்து ஏற்றுமதி செய்கிறார்கள். தகடு எங்கும் ஒரே பருமனாக, அடிப்பக்கம் வரை குழியில்லாமல் இருந்தால் அந்தச் சந்தேகமும் வர வேண்டும்.

ஒரு படி முன்னதாகக் கேட்க வேண்டிய கேள்வியும் இருக்கிறது. இது போர்க்கால வண்டிதானா? உங்கள் விவரணையில் சந்தேகம் இல்லை. ஆனால் இதைப் படிக்கும் வேறு சிலருக்கு உதவும். கிரில் துளைகளை எண்ணுங்கள். ஒன்பது என்றால் போர்க்கால வடிவம். ஏழு என்றால் போருக்குப் பிந்தையது. 1945இல் வில்லிஸ் பொதுமக்களுக்கு விற்கத் தொடங்கிய சி.ஜே.2ஏ வண்டிக்கு ஏழு துளை, பெரிய ஹெட்லைட், பின்னால் இறக்கிவிடும் கதவு. பெட்ரோல் ஊற்றும் வாய் பாடிக்கு வெளியே இருக்கும். போர்க்கால ஜீப்பில் ஓட்டுநர் இருக்கையைத் தூக்கித்தான் பெட்ரோல் ஊற்ற வேண்டும். 1950இல் வந்த எம்.38 ராணுவ வண்டிதான், ஆனால் 24 வோல்ட் மின்சாரம், துருத்தி நிற்கும் ஹெட்லைட், அதன் முன் காப்புக் கம்பி. போர்க்கால வண்டிகள் 6 வோல்ட். 1953 முதல் வந்த சி.ஜே.3பியின் பானெட் உயரமானது, தூரத்திலிருந்தே தெரியும். இந்தியாவில் மஹிந்திராவும் ஜப்பானில் மித்சுபிஷியும் உரிமம் பெற்றுச் செய்தது இதைத்தான். ஏமாற வாய்ப்பு அதிகம் உள்ளது பிரான்சின் ஹாட்ச்கிஸ் எம்.201. ஒன்பது துளைக் கிரில் உட்பட அசப்பில் போர்க்கால ஜீப்பேதான். 1950களின் நடுவிலிருந்து 1966 வரை 27,000க்கும் மேல் செய்தார்கள். பெரும்பாலும் 24 வோல்ட். அமெரிக்க வெள்ளை நட்சத்திரம் வரைந்து விட்டால் ஹெட்லைட்டின் வோல்ட்டைப் பார்க்கும் வரை பலருக்குத் தெரியாது.

ஹெட்லைட் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். எம்.பி., ஜி.பி.டபிள்யூ இரண்டிலும் ஹெட்லைட் ஒரு கீலில் நிற்கிறது. பானெட்டைத் தூக்கி, சிறகு நட்டைத் தளர்த்தி, விளக்கை அப்படியே பின்பக்கம் புரட்டினால் எஞ்சின் மேல் வெளிச்சம் விழும். இரவில் களத்தில் பழுது பார்க்க வேண்டும் என்று யோசித்து வைத்தது. உங்கள் வண்டியில் அந்தக் கீல் இன்னும் அசைகிறதா என்று பாருங்கள். தயாரிப்பாளரைக் கண்டுபிடிக்க அது உதவாது. ஆனால் இத்தனை அழகான ஒரு யோசனையைப் பெயிண்டுக்குள் இறுகிக் கிடக்க விடக்கூடாது.

எனக்கு மிகவும் பிடித்த சாட்சி பானெட்டின் இரு பக்கங்களில் இருக்கிறது. அமெரிக்க ராணுவம் ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு பதிவு எண்ணைப் பானெட்டின் பக்கத்தில் வரைந்தது. ஜீப்புகளுக்கு அது 20 என்று தொடங்கும். முதலில் மங்கலான நீலச் சாயத்தில், பிறகு வெள்ளையில். வண்டி கைமாறக் கைமாற அதன் மேல் பெயிண்ட் அடித்துக்கொண்டே போனார்கள், யாரும் அடிவரை சுரண்டவில்லை. ஈரத்தில் தேய்க்கும் நைசான உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து, உள்ளங்கை அளவு இடத்தில் மெல்ல மெல்லத் தேயுங்கள். ஒவ்வொரு அடுக்கும் வேறு நிறத்தில் வளையம் வளையமாகத் தெரியும். ராணுவப் பச்சை வந்ததும் வேகத்தைப் பாதியாக்குங்கள். வெளிறிய கோடு ஒன்று தென்பட்டால் நிறுத்திவிட்டு, கோடு எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் மட்டும் நகருங்கள். ஒரு முழு எண் வெளியே வர ஒரு நாள் பிடிக்கலாம். வந்துவிட்டால், இந்த எண்கள் ஒப்பந்தவாரியாக ஒதுக்கப்பட்டவை என்பதால் பானெட் முதலில் வில்லிஸ் வண்டியில் இருந்ததா ஃபோர்டு வண்டியில் இருந்ததா, ஏறத்தாழ எப்போது என்று சொல்லிவிடலாம். பானெட்டும் கழற்றக்கூடியதுதான் என்பது நினைவிருக்கட்டும். அதன் கதை சேசிஸின் கதையோடு ஒத்துப்போனால் அதிர்ஷ்டம்.

ஜீப் அல்லாத வண்டி வைத்திருப்பவர்கள் மாதிரிப் பெயரில் ஒளிந்திருக்கும் ஆண்டை நம்பி ஏமாற வேண்டாம். ஜி.எம்.சி.யின் புகழ்பெற்ற இரண்டரை டன் லாரி சி.சி.கே.டபிள்யூ. அதில் முதல் சி 1941ஐக் குறிக்கும். அது வடிவமைப்பு ஆண்டு. 1945இல் வெளிவந்த லாரியிலும் அதே எழுத்துதான். பிரிட்டிஷ் ராணுவ வண்டிகளில் அகன்ற அம்புக்குறியைத் தேடுங்கள். அது அரசாங்கச் சொத்து என்பதற்கான முத்திரை, தயாரிப்பாளரின் முத்திரை அல்ல. கனடாவில் செய்த ராணுவ லாரிகள் ஃபோர்டாக இருந்தாலும் செவ்ரோலேயாக இருந்தாலும் கேபின் ஒரே அச்சுதான். பானெட்டைத் திறந்து வி8 எஞ்சின் இருந்தால் ஃபோர்டு, நேர்வரிசை ஆறு சிலிண்டர் இருந்தால் செவ்ரோலே என்று தொடங்கலாம். அதுவும் மாற்றப்பட்டிருக்கலாம் என்பதால் சேசிஸ் எண்ணில்தான் முடிக்க வேண்டும்.

உங்கள் வண்டிக்கு அடுத்த வேலை ஒன்றே. இடது நீளச் சட்டத்தின் மேல்முகத்தைச் சொன்ன முறையில் சுத்தம் செய்து, எண்ணை நாலு பக்க வெளிச்சத்தில் படம் எடுங்கள். கூடவே குறுக்குச் சட்டம் சேரும் இரண்டு மூலைகள், பின்பக்க இடது தகடு, சாமான் பெட்டி மூடியின் உட்புறம் ஆகியவற்றையும் எடுத்து அனுப்புங்கள். அந்த வில்லிஸ் தகட்டைக் கழற்றி எறிந்துவிடாதீர்கள். அசலாக இருந்தால் அதில் உள்ள எண் வேறொருவர் தேடிக்கொண்டிருக்கும் எம்.பி.யின் எண். அந்தச் சேசிஸ் எங்காவது தகடு இல்லாமல் இருக்கலாம். ஆர்வலர்களின் பட்டியலில் உங்கள் சேசிஸ் எண்ணோடு அந்தத் தகட்டு எண்ணையும் தனி வரியில் பதிந்து வையுங்கள்.